மும்பையின் ஊரும் பேரும்

தாதரிலிருந்து வடக்கு நோக்கிப் புறநகர் ரயிலில் போகிறவர்கள், மாட்டுங்காவைக் கடந்ததும் வண்டிக்குள் ஒலிக்கும் அறிவிப்பைச் சற்றுக் கவனித்துக் கேட்பார்களானால், அடுத்து வரும் ஸ்டேஷனின் பெயர் மராத்தியில் ‘ஷீவ்’ என்றும் ஆங்கிலத்தில் ‘சயான்’ என்றும் சொல்லப்படுவதை அறிவார்கள். பிளாட்பாரத்துப் பலகையிலும் அப்படியே. தேவநாகரி எழுத்தில் ஒரு பெயர், ரோமன் எழுத்தில் வேறொரு பெயர். நான் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் இவ்விரண்டும் ஒரே இடத்தைக் குறிப்பவை என்று உணர்வதற்கே சில வாரங்கள் பிடித்தன. இவற்றுள் மூலப்பெயர் எது, திரிந்த பெயர் எது, இரண்டுக்கும் அர்த்தம் என்ன என்று விசாரிக்கத் தொடங்கியபோதுதான், இரண்டு பெயர்களுக்கும் நடுவே முந்நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் படிந்து கிடப்பதும், அந்தச் சரித்திரத்தின் வேர்ச்சொல் நம் தமிழ் வீடுகளில் தினந்தோறும் புழங்குகிற ஒரு சொல்லே என்பதும் தெரியவந்தன.

ஷீவ் என்றால் மராத்தியில் எல்லை. ஒரு கிராமத்தின் நிலம் முடிந்து அடுத்த கிராமத்தின் நிலம் தொடங்கும் இடத்தை மராத்தியக் குடியானவன் அந்தச் சொல்லால் குறிப்பான். வடமொழியிலுள்ள ‘ஸீமா’ என்பதே மராத்தியர் நாவில் தேய்ந்து ஷீவ் ஆயிற்று. அதே ஸீமா நம்மிடையே ‘சீமை’ ஆயிற்று. எல்லை என்ற பொருளோடு வந்த அச்சொல், எல்லைக்கு உட்பட்ட நாடு என்ற பொருளைப் பெற்று, சிவகங்கைச் சீமை, திருநெல்வேலிச் சீமை என வழங்கி, பின்னர்க் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரனுடைய தேசத்துக்கே உரிய பெயராகி, சீமைத்துணி என்றும் சீமையெண்ணெய் என்றும் நம் கடைத்தெருவில் வந்து இறங்கியது. பம்பாய்த் தீவு வடக்கே முடிந்து, ஒரு கழிக்கு அப்பால் சாஷ்டித் தீவு தொடங்குகிற முனையில் இருந்த கிராமம் ஆகையால் இதற்கு ஷீவ் என்ற பெயர் இயல்பாகவே பொருந்திற்று. அந்த ஓசை ஐரோப்பியர் காதில் விழுந்தபோது அது அவர்களுடைய வேதாகமத்தில் வரும் சீயோன் மலையை நினைவூட்டிற்று. எழுத்திலும் அதையே எழுதிவிட்டார்கள். ஏசு சபைப் பாதிரிமார்கள் ஜெருசலேமை நினைந்து வைத்த பெயர்தான் இது என்று சொல்வாரும் உண்டு. ஆனால் எல்லையில் இருக்கும் ஊருக்கு எல்லை என்றே பெயர் இருக்கும்போது, அதற்குமேல் ஒரு விளக்கத்தைத் தேடி மேற்காசியா வரை போக வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் துணிபு.

அந்த எல்லையைக் காப்பதற்கு ஒரு கோட்டை எழுந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் போர்த்துக்கல் இளவரசி காதரீனுக்கும் 1661ஆம் ஆண்டில் ஏற்பட்ட திருமண உடன்படிக்கையினால் சீதனமாக வந்த பம்பாயை, 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்றுக்கொண்ட பின்னர், 1669 முதல் 1677 வரை கவர்னராக இருந்த ஜெரால்டு ஆஞ்சியர் என்பவருடைய காலத்தில், ஷீவில் உள்ள சிறு குன்றின்மேல் அக்கோட்டை கட்டப்பட்டது. இந்த ஆஞ்சியரின் குடும்பம் அயர்லாந்தில் வேரூன்றிய குடும்பம். அவருடைய சகோதரர் லாங்ஃபோர்டு பிரபு என்ற பட்டத்தோடு டப்ளின் நகரத்தில் புதிய வீதிகளை வகுத்தவர். அவற்றுள் ஒரு வீதிக்கு ஆஞ்சியர் வீதி என்ற பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. அங்கே தமையன் தன் பெயரை ஒரு வீதிக்கு விட்டுச் சென்ற அதே தலைமுறையில், இங்கே தம்பி ஒரு மராத்தியக் கிராமத்தின் எல்லையில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

அயர்லாந்தின் பெயரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஊர்ப்பெயர்கள் அயலார் காதில் விழுந்து அயலார் எழுத்தில் ஏறும்போது என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தீவைப்போல் விளக்கமான உதாரணம் வேறில்லை. 1824ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் அயர்லாந்து முழுவதையும் அளந்து படம் வரையத் தொடங்கிற்று. பல்லாயிரம் கிராமப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியாக வேண்டும். அளக்க வந்த சிப்பாய்களுக்கோ அந்நாட்டுப் பாஷை தெரியாது. ஆகவே 1830இல் ஜான் ஓ டோனவன் என்னும் பண்டிதரை அந்தப் பணியில் அமர்த்தினார்கள். அவர் ஜில்லா ஜில்லாவாகச் சென்று, வயல்வெளிகளிலும் அடுப்பங்கரைகளிலும் முதியவர்களைக் கண்டு, அவர்கள் வாயிலிருந்து பெயரைக் கேட்டு, அதன் பொருளையும் பழைய வடிவத்தையும் கடிதங்களாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அக்கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. படத்தில் ஏறியதென்னவோ ஆங்கிலக் காதுக்கு ஏற்றபடி திரிந்த வடிவந்தான். என்றாலும் மூலம் இன்னதென்று அறிய வழி இருக்கிறது. அங்கே ‘பாலி’ என்று தொடங்கும் எண்ணற்ற ஊர்ப்பெயர்களில் இருப்பது, ஊர் என்று பொருள்படும் அந்நாட்டுச் சொல். ‘கில்’ என்று தொடங்குபவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பது கோயில் என்று பொருள்படும் சொல். தலைநகரான டப்ளினுக்கு அந்தப் பழைய பாஷையில் பொருள், கரிய நீர்நிலை. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே இருக்கும் கருங்குளத்தை அறிந்தவர்கள், டப்ளினும் ஒரு கருங்குளமே என்று கேட்டால் வியப்படையமாட்டார்கள். தண்ணீரைக் கண்டு ஊருக்குப் பெயர் வைத்த ஜனங்கள் உலகெங்கும் ஒரே மாதிரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

நமக்கும் இந்த அனுபவம் புதிதன்று. தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும், தரங்கம்பாடியை டிராங்குபார் என்றும், திருச்சிராப்பள்ளியை டிரிச்சினாப்பலி என்றும் எழுதிய காலம் நெடுநாளைக்கு முந்தியதன்று. இராசவல்லிபுரத்தில் பிறந்த பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்ற நூலை 1946இல் வெளியிட்டு, நம் ஊர்ப்பெயர்களில் மலையும் காடும் வயலும் கடலும் கோயிலும் பேசுவதை எடுத்துக் காட்டினார். பம்பாய்க்கு அத்தகைய பணியைச் செய்தவர்கள் பலர். கோவாவைச் சேர்ந்த மருத்துவர் ஜெர்ஸன் டா குன்யா 1900இல் நகரத்தின் தோற்றத்தைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அதன் பின்னர் எஸ். எம். எட்வர்ட்ஸ் தொகுத்த நகர கெஜட்டியர் 1909இல் வெளிவந்தது. டைம்ஸ் ஆப் இந்தியா பத்திரிகையைச் சேர்ந்த சாமுவேல் ஷெப்பர்டு 1917இல் நகரத்தின் இடப்பெயர்களுக்கும் தெருப்பெயர்களுக்குமென்றே ஒரு தனிநூல் எழுதினார். தமிழர்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தும், நம் காதில் விழும் இப்பெயர்களை நம் பாஷையின் வழியே ஆராய்ந்து பார்த்தது குறைவு. பார்த்தால் எத்தனை உறவுகள் புலப்படுகின்றன என்பதைச் சொல்லவே இதனை எழுதலானேன்.

நகரத்தின் பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோலி மீனவர்களின் குலதெய்வமான மும்பாதேவியின் பெயரோடு தாய் என்று பொருள்படும் ‘ஆயி’ சேர்ந்து மும்பை ஆயிற்று. போர்த்துக்கீசிய பாஷையில் நல்ல விரிகுடா என்று பொருள்படும் ‘போம் பஹியா’விலிருந்து பம்பாய் வந்தது என்பது, அந்தப் பாஷையில் பஹியா பெண்பாற் சொல் என்பதையும், அதற்கு முன் ‘போம்’ என்ற ஆண்பால் அடைமொழி வாராது என்பதையும் கவனியாதவர்கள் சொல்வது. 1995இல் அரசாங்கம் பழைய பெயரையே சட்டமாக்கியது.

நான் மனம் நிறைந்து சொல்ல விரும்புவது மரங்களைப் பற்றி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை மலரின் பெயராலும் மரத்தின் பெயராலும் வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவனுக்கு, ஆலைப் புகையும் ரயில் இரைச்சலும் மண்டிய இந்த நகரத்தின் பெயர்களுக்குள் ஒரு பெருந்தோப்பு நிற்பது தெரியும்போது, ஊருக்குத் திரும்பியது போன்ற ஆறுதல் உண்டாகிறது. வடாலா என்னும் பெயரில் நிற்பது வட விருட்சம், அதாவது ஆலமரம். வர்லிக்கும் ஆலமர வரிசை என்றே பொருள் கூறுவர். சின்ச்போக்ளியிலும் சின்ச் பந்தரிலும் இருப்பது ‘சின்ச்’, நம் புளி. உமர்காடி என்றால் அத்திமரங்கள் நின்ற கழி. பாபுல்நாத் கோயிலின் பெயரில் கருவேலமரம் இருக்கிறது. பைகுல்லாவின் பழைய வடிவம் பாயகளா. அதன் முற்பகுதியில் இருப்பது மராத்தியில் பாஹவா எனப்படும் சரக்கொன்றை என்றும், பிற்பகுதி போரடிக்கும் களம் போன்ற சமதரை என்றும் கெஜட்டியர் ஆசிரியர்கள் கருதினார்கள். செல்வர்கள் வாழும் கம்பாலா ஹில், ஒதியமரங்கள் நின்ற குன்று. நம் நாட்டில் ஒதியைப் பருத்தும் பயன்படாத மரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். இங்கே அது ஒரு மலைக்கே பெயர் தந்து நிற்கிறது.

பேண்டி பஜார் என்ற பெயரைக் கேட்டால், வட இந்தியச் சமையலில் பழகிய எவரும் வெண்டைக்காய்க் கடைகளை நினைப்பார்கள். ஆங்கிலேயர்கள் சந்தைக்குப் பின்புறமிருந்த பகுதியைக் குறித்த ஆங்கிலத் தொடரே மருவி இப்படி ஆயிற்று என்று சிலர் கதை கட்டினார்கள். உண்மையில் மராத்தியில் பேண்டி என்பது வெண்டைக்கு மட்டுமின்றிப் பூவரச மரத்துக்கும் பெயர். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். மஞ்சட் பூவின் நடுவே கருஞ்சிவப்புப் பொட்டு இரண்டிலும் உண்டு. பூவரசின் நிழலில் கூடிய சந்தை என்பதே பொருள். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய பிள்ளைப் பருவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை?

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகமாகக் கவர்ந்தது பரேல். ஆலைத் தொழிலாளர்களின் நகரமாகப் பெயர் பெற்ற அந்தப் பேட்டையின் பெயருக்கு இரண்டு உத்பத்திகள் சொல்கிறார்கள். பர்ளி வைஜநாதர் பெயரால் அங்கே அமைந்த சிவாலயத்திலிருந்து வந்தது என்பது ஒன்று. பாடல் மரத்திலிருந்து வந்தது என்பது மற்றொன்று. வடமொழியில் பாடலி என்றும், தமிழில் பாதிரி என்றும் வழங்கும் மரம் அது. அசோகன் அரசாண்ட பாடலிபுத்திரத்துக்குப் பெயர் தந்ததும் அதுவே. கெடில நதிக்கரையில் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்து, அங்கே எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குப் பாடலீசுவரர் என்ற திருநாமத்தையும் தந்ததும் அதுவே. கடலூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் பரேலில் ஆலை வேலைக்கு வந்த தமிழன் ஒருவன், பாதிரி மரத்தடியில் புறப்பட்டுப் பாதிரி மரத்தடியில் வந்து சேர்ந்தான் என்றே சொல்லலாம். அதுபோலவே, திருநெல்வேலிச் சீமையில் ஆலங்குளத்திலிருந்து வடாலாவுக்கும், புளியங்குடியிலிருந்து சின்ச்போக்ளிக்கும் வந்தவர்களுக்குப் பாஷை மாறியதே தவிர மரம் மாறவில்லை.

மரங்களை விட்டுக் கழிக்கரைக்கு வருவோம். இன்றைய நகரத்தில் காரை பூசி மூடப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் கடல் ஏறி இறங்கிய சேறும் உவர்நிலமுமாக இருந்தது. நகரின் நடுவே பாயதுனி என்று ஓர் இடம் உண்டு. கால் அலம்பும் இடம் என்று பொருள். தீவுக்குத் தீவு கழியைக் கடந்து சேற்றுக்காலோடு ஏறியவர்கள் அங்கே நின்று காலைக் கழுவிக்கொண்டார்கள். கழி தூர்ந்து, கடைத்தெருவாகி எத்தனையோ தலைமுறை கடந்தும், பெயர் மட்டும் அந்தத் தண்ணீரை மறக்கவில்லை. குர்லா என்ற பெயர் ‘குர்லி’ என்னும் நண்டின் பெயரால் ஏற்பட்டது என்பார்கள். அங்கிருந்து துறைமுக மார்க்கத்தில் திலக் நகரைத் தாண்டினால் செம்பூர். அதையும் ‘சிம்போரி’ என்னும் பெரிய சேற்றுநண்டோடு சேர்த்துச் சொல்வது உள்ளூர் வழக்கம். சங்கப் பாடல்களில் அலவன் என்று பேர் பெற்று மணலில் கோடு கிழித்து ஓடும் நண்டு, இங்கே இரண்டு ஸ்டேஷன்களுக்குப் பெயரிட்டிருக்கிறது. செம்பூரே பழைய அரபு யாத்திரிகர்கள் குறித்த ‘சைமூர்’ துறைமுகம் என்று வாதித்தவர்களும் உண்டு. ஆயினும் அந்தப் பெருமை தெற்கே கொங்கணக் கரையிலுள்ள சௌலுக்கே உரியது என்ற கருத்தே வலுவானது.

ஆனால் தமிழர் காதில் செம்பூர் வேறு விதமாக விழுந்தது. செம்மை என்ற அடைமொழியோடு ஊர் என்ற நம் சொல்லும் சேர்ந்து நிற்பதாகவே அவர்கள் கேட்டார்கள். 1906இல் நகரத்தின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்காகக் குர்லாவிலிருந்து இங்கே ரயில் பாதை போடப்பட்டது. 1924இல் அதில் ஜனங்கள் ஏறிச் செல்லும் வண்டிகள் ஓடத் தொடங்கின. தேசப் பிரிவினைக்குப் பின் அகதிகள் வந்தார்கள். தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் வந்தன. மாட்டுங்காவில் இடம் போதாத தமிழ்க் குடும்பங்களும் வந்தன. அவர்கள் சேடா நகரில் முருகனுக்குப் படியேறிச் சென்று வழிபடும் உயர்ந்த ஆலயம் ஒன்றை எழுப்பியபோது, செந்தூர் திருச்செந்தூர் ஆனது போலச் செம்பூரும் அவர்கள் வாயில் திருச்செம்பூர் ஆயிற்று. நண்டின் பெயரால் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் மராத்தியக் கிராமம் ஒன்று, திருவென்னும் அடைமொழியோடு முருகன் ஸ்தலமாகிவிட்டது. சொல்லாராய்ச்சிக்கு இது பொருந்தாது என்று புலவர்கள் சொல்லக்கூடும். ஊர்ப்பெயர் என்பது பிறந்த நாளோடு முடிந்துவிடும் சங்கதி அன்று. அடுத்தடுத்து வந்து குடியேறுகிறவர்கள் அதற்கு எந்த அர்த்தத்தைக் கேட்டார்களோ, அதுவும் அதன் சரித்திரமே.

மாட்டுங்காவுக்கு யானைக் கதை சொல்லப்படுகிறது. மாஹிமைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பீமதேவன் என்னும் பிம்ப ராஜன் தன் யானைகளை இங்கே கட்டி வைத்திருந்தான் என்றும், யானைக்கு வடமொழியில் மாதங்கம் என்ற பெயர் இருப்பதால் இவ்விடம் மாட்டுங்கா ஆயிற்று என்றும் சொல்வார்கள். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் மராத்தியில் இப்பெயரை எழுதும்போது நாவை மடித்து ஒலிக்கும் டகரமே வருகிறது, தகரம் வருவதில்லை. அதனால்தான் இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் ‘மாட்டுங்கா’ என்கிறார்கள், வெளியூரிலிருந்து எழுதுகிறவர்கள் ‘மாதுங்கா’ என்கிறார்கள். அந்தத் தகரம் எப்படி டகரமாயிற்று என்பதற்குச் சமாதானம் கிடைக்கும்வரை, யானையை ஐதிகம் என்ற அளவில் ஏற்றுக்கொள்வதே முறை.

அதன் பின் நடந்தது தெளிவான சரித்திரம். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கி ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. நெருக்கடியான தெருக்களே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அந்த டிரஸ்டார் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயலையும் தோப்பையும் மனைகளாகப் பிரித்து, அகன்ற தெருக்களையும் பூங்காக்களையும் அமைத்தார்கள். அத்தெருக்களில் சிலவற்றுக்கு வைத்த பெயர்களை நினைக்கையில் அவர்களை வாழ்த்தத் தோன்றுகிறது. தெலங் ரோடு, பகவத்கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த உயர்நீதிமன்ற நீதிபதி காசிநாத் திரியம்பக் தெலங்கின் பெயர் கொண்டது. பண்டார்கர் ரோடு, வடமொழிப் பேரறிஞர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கருடையது. பாவ் தாஜி ரோடு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே பழைய கல்வெட்டுகளையும் நாணயங்களையும் ஆராய்ந்த டாக்டர் பாவ் தாஜி லாடுடையது. காலையில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கப் புறப்படும் ஒரு பெண்மணி, வீடு திரும்புவதற்குள் மூன்று மேதைகளின் பெயர்களையாவது உச்சரித்துவிடுகிறாள்.

அந்தத் தெருக்களில் குடியேறிய தென்னிந்தியர்கள் தங்கள் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். 1923இல் தொடங்கிய ஆஸ்திக சமாஜத்தின் கோயிலைப் பக்தர்கள் ‘கொச்சு குருவாயூர்’ என்று அழைக்கிறார்கள். கொச்சு என்றால் மலையாளத்தில் சிறிய என்று பொருள். ஆங்கிலேயர் வைத்த கிங்ஸ் சர்க்கிள் என்ற பெயருடைய வட்டப் பூங்கா மகேசுவரி உத்தியானம் ஆகிப் பல காலம் ஆயினும், அங்கே இறங்க வேண்டியவர்கள் இன்னமும் ராஜாவின் வட்டத்திலேயே இறங்குகிறார்கள்.

இனித் தாராவி. இதைப் பற்றி வெளியுலகம் பேசுவதெல்லாம் ஜனநெருக்கடியும் சாக்கடையும் குடிசையுமே. ஆனால் 1909ஆம் ஆண்டின் கெஜட்டியர் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. கோலிவாடா என்றால் கோலி மீனவர்களின் குடியிருப்பு. மராத்தியரின் வாடாவும் வாடியும் நமக்கு அந்நியமல்ல. மரவாடி, விறகுவாடி என்று நாம் சொல்வதில்லையா? கடற்கரையில் மீன் உலர்த்துகிற இடத்தை வாடி என்றே நம் பரதவர்கள் சொல்கிறார்கள். தாராவி என்ற பெயரும் இந்த ஓரிடத்துக்கு மாத்திரம் உரியதன்று. வடக்கே பாயந்தருக்கு அருகில் கடலோரத்தில் வேறொரு தாராவி இருக்கிறது. அங்கே தாராவி தேவிக்குக் கோயில் உண்டு. 1739இல் சிமாஜி அப்பாவின் மராத்தியப் படை வசாயை வெல்வதற்கு முன் கைப்பற்றிய தாராவிக் கோட்டை அங்கே இருந்ததுதான். ஒரே பெயர் ஒரே கரையில் இரண்டு மீனவர் பகுதிகளில் வழங்குவதால், இது வெள்ளைக்காரனோ நகரசபையோ வைத்ததன்று, கழிக்கரை ஜனங்களின் பழஞ்சொல் என்பது விளங்குகிறது.

நம் தாராவியிலும் ஒரு கோட்டை உண்டு. மீட்டி ஆற்றங்கரையில், பஸ் டிப்போவுக்கும் தன் பெயரைத் தந்திருக்கும் காலா கில்லா, அதாவது கருங்கோட்டை. நான் முதல்முறை அதைத் தேடிச் சென்றபோது, வழிகேட்ட ஒவ்வொருவரும் டிப்போவையே காட்டினார்கள். கடைசியில் வீடுகளின் பின்புறத்தில், துணி உலர்த்திய கொடிகளுக்கு அப்பால், செடி முளைத்த கரிய கற்சுவர் தென்பட்டது. அதன் சுவரில் பதித்த பலகை, கவர்னர் ஜான் ஹோர்னின் ஆணைப்படி 1737இல் அது கட்டப்பட்டதை ஆங்கிலத்தில் சொல்கிறது. அந்த ஆண்டின் முக்கியத்துவம் கவனிக்கத்தக்கது. அதே 1737இல்தான் மராத்தியர்கள் தாணாவைப் பிடித்துக் கழிக்கு அக்கரை வரை வந்தார்கள். ஷீவ் என்ற பெயர் சொல்லும் எல்லை அன்றைக்கு உண்மையான எல்லையாகவே இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் இங்கே வந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளும், ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள்; கும்பம் வனைகிறவன் கும்பார். தோல் விற்கும் இடம் சாம்டா பஜார் ஆயிற்று. சாம்டாவுக்கும் நம் சருமத்துக்கும் மூலம் ஒன்றே. நகர அமைப்புப் படத்தில் சாலையின் அகலத்தைக் குறித்த எண்களே 60 அடி ரோடு, 90 அடி ரோடு என்று பெயர்களாகி, அந்தத் தொண்ணூறடி ரோட்டின் இருபுறமும் தமிழ்ப் பலகைகளும் அரசியல் கொடிகளும் திருவிழாப் பந்தல்களும் எழுந்தன. தாராவியின் ஓரத்திலுள்ள ஒரு குடியிருப்புக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர். பக்கத்து ஊரின் பெயரையும் ஓர் ஆங்கிலத் தொடரையும் சேர்த்து ஜனங்கள் அதைத் தங்களுக்கே உரிய சொல்லாக்கிக்கொண்டார்கள். இந்தப் பெரிய பெயர்களுக்கு அடியில், படத்தில் ஏறாத நூற்றுக்கணக்கான சிறு பெயர்கள் உண்டு: வரிசை வீடுகளான சால்களின் பெயர்கள், முதலில் குழாய் போட்டவரின் பெயரால் வழங்கும் சந்துகள், ஊர்க்காரர்கள் சேர்ந்து குடியேறி ஊரின் பெயரையே வைத்த முடுக்குகள்.

பெயர்கள் மாறுவது இயற்கை. ஷீவுக்கு அருகிலிருந்த கோலிவாடா ஸ்டேஷன், பஞ்சாபி அகதிகள் அங்கே குடியேறிய பின் குரு தேக் பகதூர் நகர் ஆயிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரச் சட்டமன்றம் ஏழு ரயில் நிலையங்களின் ஆங்கிலப் பெயர்களை மாற்றத் தீர்மானித்தபோது, சாண்டர்ஸ்ட் ரோடுக்கு டோங்ரி என்றும், சர்னி ரோடுக்குக் கிர்காவ் என்றும், டாக்யார்டு ரோடுக்கு மஜ்காவ் என்றும் பழைய கிராமப் பெயர்களையே குறித்தது. வாய்வழக்கிலும் ஏட்டிலும் நிலைத்திருந்ததனால் அவற்றை மீண்டும் குறிக்க முடிந்தது. டோங்ரி என்றால் குன்று, கிர்காவ் என்றால் மலையூர் என்பதெல்லாம் குன்யாவும் எட்வர்ட்ஸும் ஷெப்பர்டும் நூறாண்டுகளுக்கு முன்பே ஏட்டில் ஏற்றிவைத்த செய்திகள்.

தாராவியின் சந்துகளுக்கு அத்தகைய ஏடு இல்லை. மறுசீரமைப்புக்காக 2024இல் கணக்கெடுப்பு ஆரம்பமாகி, வீட்டுக்கு வீடு கதவிலும் சுவரிலும் எண்கள் எழுதப்பட்டன. எண் குறித்த வீடு இடிந்து மாடிக்கட்டடம் எழும்போது, சாலின் பெயரும் முடுக்கின் பெயரும் அதனோடு போய்விடும். ஆனால் அப்பெயர்கள் ஓரிடத்தில் மட்டும் எழுத்தில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த தாராவி வீடு ஒன்றில், பித்தளைக் குடத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில், திருநெல்வேலியிலிருந்து வந்த இன்லண்டு லெட்டர்களை நூலால் கட்டி வைத்திருக்கிறார்கள்; நீல மை மங்கிய ஒவ்வொரு கடிதத்தின் மேலும், பெயருக்குக் கீழே இன்னாருடைய சால், இத்தனையாவது ரூம், கிராஸ் ரோடு, தாராவி, பம்பாய்-17 என்று முழு விலாசம் இருக்கிறது. அத்தகைய பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைத் திறந்து, விலாசங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் படி எடுத்து, அந்தச் சாலுக்கு அப்பெயர் யாரால், எதனால் வந்தது என்பதை வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ இந்த ஆண்டுக்குள் கேட்டு, பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.